பச்சை உடம்புக்காரி

புரட்டாசியில் குறுவை அறுத்து முடித்ததும் வயல் யார் வீட்டுக்காவது வந்து படுத்துக்கொள்ளும். கடைசிக் கைப்பிடியான அரிக் கதிரை அறுத்தவள் வீடு எதுவோ, அதுதான் அதற்கு அந்த வருசத்துத் தாய்வீடு. நெல்லைப் பெற்றுப்போட்ட பச்சை உடம்புக்காரியை ஈரத்திலே விட்டுவைப்பார்களா? அடுத்த போகம் தாளடிக்கு ஏர் பூட்டுகிற வரைக்கும் அது வெந்நீரில் குளித்து, காயமருந்து தின்று, காற்றுப்படாமல் கிடக்க வேண்டும்.

இந்த வருசம் கடைசி அரியை அறுத்தவள் தையல்நாயகி. கைப்பிள்ளைக்காரி. நாலு பேர் எதிரே வாயே திறக்கமாட்டாள். பெண்கள் குலவை போட்டு, ஆலம் சுற்றி, வயலை அவள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அது வரப்பை அள்ளிச் செருகிக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டு படுத்தது.

"ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளை பெத்தவ. சமாளிச்சிருவியாடி?" என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா. "நீயும் பேசமாட்டே, அதுவும் பேசாது. நல்ல சோடி!"

தையலுக்குக் கவலை வேறு. இரண்டு நாளாக அவளுக்குப் பால் இல்லை. பூண்டும் பால்சுறாவும் தின்று பார்த்தாயிற்று. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து அழுது, தொண்டையும் கம்மிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கூச்சம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் வயல்தான் மெல்லக் கேட்டது. "ஏன் தங்கச்சி, பிள்ளை இப்படி அழுவுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பால் இல்லக்கா."



"எனக்குக் கட்டிக்கிட்டு வலிக்குது," என்றது வயல். "கீழ்மூலையில கதிரு இப்பத்தான் பால் பிடிச்சிருந்துச்சு. முத்தறதுக்குள்ள அறுத்தாச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அய்யோ, நான்தான்க்கா அறுத்தேன். கரையில பிள்ளை அழுதுச்சா, அவசரத்துல பாக்கல."

"அதனால என்ன? இப்படிக் கொண்டா அவனை."

தையல் பிள்ளையைத் தூக்கி அதன் மடியில் போட்டாள். வயல் வரப்பைச் சற்று விலக்கியது. பிள்ளை மோந்து பார்த்தது, கவ்விக்கொண்டது. மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. தையல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் குருவிக் கூட்டம் உள்ளே வந்து தொட்டில் கயிற்றில் வரிசையாக உட்கார்ந்தது. பிள்ளையின் வாயோரம் ஒட்டியிருந்த கதிர்ப்பாலைக் கொத்தப் பார்த்தது. தையல் விரட்டிப் பார்த்தாள், போகவில்லை. அதற்குள் வயலில் குருவி விரட்ட நிற்கிற வைக்கோல் பொம்மை வந்துவிட்டது. படியிலேயே காலைத் துடைத்துக்கொண்டு, தொட்டில் பக்கம் போய்க் கைகளை விரித்து நின்றது.

"உத்தரம் தலையில இடிக்கும்ண்ணே," என்றாள் தையல். "இந்தப் பக்கமா தள்ளி நில்லுங்க."