தட்டில் சிவந்த மஞ்சள்

என் கணவர் மகேன் இருந்தவரை, ஞாயிறு காலையில் எங்கள் அடுப்படி அவருக்கும் மகள் மலருக்கும்தான். முட்டையை வினிகரில் ஊறப்போட்டு ஓட்டைக் கரைப்பார்கள். தேயிலைச் சாயத்தில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுக் கறுக்க வைப்பார்கள். அவர் போன பிறகு மலர் எதையும் தொடவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

அன்று அவளாகவே ஒரு தட்டில் மஞ்சளைக் கரைத்தாள். எனக்கு நெஞ்சு லேசானது. எதற்கு என்று கேட்காமல் விட்டேன்.

அப்போது கோலா தெர்லாவிலிருந்து புனிதன் மோட்டார் சைக்கிளில் வந்தார். மகேனோடு காய்கறி லோரி ஓட்டியவர், கல்யாணம் ஆகாதவர். கோஸ் பையை என்னிடம் நீட்டிவிட்டு, வழக்கம்போல வாசலோடு கிளம்பப் பார்த்தார்.

"புனிதன் மாமா, போவாதீங்க! அங்கயே நில்லுங்க. வெளிச்சத்துலதான் கலர் நல்லா தெரியும். அம்மா, நீயும் பக்கத்துல நில்லு."

நின்றோம். மலர் தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து, துணி துவைக்கிற சவுக்காரத் தூளைத் தூவினாள். மஞ்சள் சட்டென்று சிவந்தது. தூள் நன்றாகக் கலக்கட்டும் என்று தட்டை எங்களுக்கு நேரே தூக்கி, மெல்லச் சுழற்றினாள்.

எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த செல்லம் அக்கா நிமிர்ந்தார்.

"என்னாடி உமா, ஆரத்தியா? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லலா!"

"மாப்ள சீரு கோஸுதானா?" என்றாள் பக்கத்திலிருந்தவள். லயமே சிரித்தது.

மணமக்களை வீட்டுக்குள் அழைக்கிறபோது சுற்றுகிற சிவப்பு அது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை அதைக் கரைக்க மாட்டார்கள். நான் வெறும் நெற்றியோடு, வேறொரு ஆணுக்குப் பக்கத்தில், அதன் முன்னால் நின்றேன். காது சுட்டது. புனிதன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்; கிளம்புவதற்கு அல்ல, முகத்தை மறைக்க.

கொட்டிவிட்டு உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தப்பா பண்ணிட்டேனாம்மா? கலர் வந்துச்சே" என்றாள் மலர்.

இன்று கொட்டச் சொன்னால் இனி அவள் அடுப்படிப் பக்கமே வரமாட்டாள்.

"தப்பில்ல. இன்னும் வேற கலர் வருமா?"

"எலுமிச்சங்கா பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிரும்."

"எடுத்துட்டு வா. அங்க போயி காட்டுவோம்."

தட்டை நான்தான் தூக்கிப் போனேன். குழாயடிவரை சிமெண்டுத் தரையை மட்டுமே பார்த்து நடந்தேன். மலர் ஒன்றைப் பிழிந்தாள், போதவில்லை, இன்னொன்றைப் பிழிந்தாள். சிவப்பு வெளிறி மஞ்சளானது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

"அட, ஆரத்தி போயிருச்சுலா!" என்றார் செல்லம் அக்கா.

மறுபடியும் சிரிப்பு. மலரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா, தட்டு ஆடுது" என்றாள் மலர். "இன்னொரு தடவ சவுக்காரம் போடப்போறேன்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.