குளச்சல் கடை இல்லாத படம்

எங்கள் இரும்புக்கடை கருங்கல், இரணியல், குளச்சல் என்று மூன்று ஊரில் இருக்கிறது. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கட்டவேண்டும் என்று மகன் ஜெஸ்பின் ஒருவனைக் கூட்டிவந்தான். பெயர் டெனிஷ். கடைகடையாகத் திரிந்து, கேள்வி கேட்டு, டீ குடித்து, கடைசியில் படத்தோடு வந்தான். நிறுவனம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் படமாம். இத்தனை காலம் ஓட்டியவன் நான். எனக்கே காட்டுகிறான்.

தாளில் நாலே பெட்டி. எழுத்து பால்வாடிப் பிள்ளைக்குப் போட்டதுபோல. மேலே உரிமையாளர், கீழே கடைகள், கணக்கு, சரக்கு போடும் கிட்டங்கி.

"இதுக்கா இவ்வளவு டீ குடிச்ச?"

"இது உங்களுக்கு உள்ள படம் ஐயா. மேனேஜருக்கு வேற, கம்ப்யூட்டர்காரங்களுக்கு வேற. அவங்கவங்களுக்கு வேண்டியதை மட்டும் காட்டுவோம். நீங்க கீழ பேரெழுதி ஒப்பு போட்டா வேலை தொடங்கலாம்."

"எனக்கு வேண்டியது எதுன்னு நீ தீருமானிக்கியா? மத்ததையும் எடுடே."

டெனிஷ் ஜெஸ்பினைப் பார்த்தான். ஜெஸ்பின் மின்விசிறியைப் பார்த்தான்.

"அப்பா, அது உங்களுக்கு மனசிலாவாது."

"ஆவாட்டா ராஜபாய் வாசிப்பா."

குளச்சல் கடையை நடத்துகிறவள் ராஜபாய்; அன்று கணக்கு கொடுக்க வந்திருந்தாள். கம்ப்யூட்டர்காரர்களுக்கான படத்தை டெனிஷிடமிருந்து வாங்கினாள். கோடும் அம்புமாக எறும்பு மொய்த்தாற்போல் இருந்தது. ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"மொதலாளி, இதுல கடை ரெண்டுதான். குளச்சலைக் கிட்டங்கின்னு போட்டிருக்கு." ஜெஸ்பினிடம் கேட்டாள்: "கிட்டங்கிக்கு நான் எதுக்கு?"

"அடுத்த வருசத்துக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான்" என்றான் ஜெஸ்பின்.

"விடியக்காலம் கடலுக்குப் போற வள்ளக்காரன் ஆணிக்கும் கயிறுக்கும் கருங்கலுக்கா வருவான்? உனக்க யோசனை கம்ப்யூட்டர்காரனுக்குத் தெரியும், அப்பனுக்கு மட்டும் பால்வாடிப் படம். நல்லா இருக்குலே!" என்றேன்.

ஒப்பு போடமாட்டேன் என்று கத்துவேன், பிறகு சமாதானப்படுத்தலாம் என்று ஜெஸ்பினும் டெனிஷும் காத்திருந்தார்கள். நான் என் தாளை டெனிஷ் முன்னால் தள்ளினேன்.

"இதுல கடைகள்னு இருக்கே, அதுக்குள்ள குளச்சல் உண்டா?"

"இப்போதைக்கு உண்டு ஐயா..."

"இந்த 'இப்போதைக்கு' எல்லாம் வேண்டாம். மூணு ஊர்ப் பேரையும் உனக்க கையால எழுது."

எழுதினான். அதன் கீழே ஒப்பு போட்டேன்.

"ஒப்பு உள்ள படம் இது ஒண்ணுதான். மத்ததை எல்லாம் இதைப் பாத்துத் திருத்து."

"அதுக்கு ரொம்ப நாளாகும் ஐயா."

"ஆகட்டு. டீதான் நல்லா குடிப்பியே."