பறவை முத்திரை போட்ட பேரிக்காய் மிட்டாய்

1951 மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் படகு கட்டும் தோர்லைஃப் இறந்துபோனார். பதினொன்றேகாலுக்கு எழுந்து உட்கார்ந்து மிட்டாய் கேட்டார். ஸ்கார்வோய் தீவில் அன்று தென்மேற்குக் காற்று, மீன்வரத்து சுமார். டாக்டர் மறுபடியும் வந்து நாடி பார்த்தார். நாடி இல்லை. எழுதிக்கொடுத்த இறப்புச் சான்றிதழைத் திருத்தும் வழக்கம் தனக்கில்லை என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டுப் படகேறிப் போனார். உட்கார்ந்திருப்பவரைப் புதைக்க முடியாது என்றார் பாதிரியார். ரேஷன் அலுவலகம் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. செத்தவருக்குச் சர்க்கரை கிடையாது என்று அந்த வாரமே அவருடைய அட்டையை வாங்கிக்கொண்டது.

அவர் மனைவி போர்கில்டுக்கு இதெல்லாம் பெரிய தொந்தரவாகப் படவில்லை. செத்த புருஷன் சோறுதண்ணி கேட்கவில்லை, குளிருக்கு விறகு கேட்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவளை அரித்தது அந்த மிட்டாய்தான். பேரிக்காயும் சோம்பும் சேர்ந்த கெட்டி மிட்டாய், மேலே கடற்பறவை முத்திரை, ஜெர்மன்காரர்கள் செய்வது என்று அத்தனை துல்லியமாகச் சொன்னார். ஜெர்மன் படை நார்வேயை விட்டுப்போய் ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அவர்கள் கையிலிருந்து ஒரு தீப்பெட்டி வாங்கியவனைக்கூட ஊர் மறக்கவில்லை. அதோடு, 1943 பிப்ரவரியில் பள்ளி வாத்தியார் ஐவின், ஜெர்மன்காரர்கள் தடைசெய்திருந்த ரேடியோவைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்திருந்ததைச் சோதனை போட்டு எடுத்து, அவரையும் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

மீன் கழுவும் கொட்டகையில் கூட வேலை செய்யும் மோல்ஃபிரிட் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: “ஏண்டி போர்கில்ட், ஜெர்மன்காரன் சும்மாவா மிட்டாய் குடுப்பான்? உங்க வீட்டுக்காரர் எதைக் குடுத்து வாங்கினாராம்?”

“உன் வீட்டுக்காரரும் ஒருநாள் போய்ச் சேருவாரு இல்ல? அப்ப அவர் என்ன கேக்கறாருன்னு நானும் வந்து பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டு வந்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் அதே கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

“யாரு குடுத்தா அதை?”

“மிட்டாய் வரட்டும், சொல்றேன்.”

“இப்பச் சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமோ?”

“வாயில அது இருந்தாத்தான் சொல்ல வரும்.”

அன்றிலிருந்து அவள் தேடினாள். அவர் மேல் இருந்த பிரியத்தால் அல்ல, சந்தேகத்தால். அவருடைய கோட்டின் உள்துணியைப் பிரித்துப் பார்த்தாள், படகுக் கொட்டகையின் பலகைகளைப் பெயர்த்தாள், ஒன்றுமில்லை. பெர்கன் நகரத்து மிட்டாய்க்கடைகளுக்கெல்லாம் எழுதினாள். பறவை முத்திரையா, கேள்விப்பட்டதில்லை என்றார்கள் சிலர். ஜெர்மன் சரக்கை இந்தக் கடையில் கேட்க வெட்கமாக இல்லையா என்றார் ஒருவர். மாலுமிகள் கொண்டுவந்து கொடுத்த பெர்ரி மிட்டாய், புதினா மிட்டாய், கறுப்பு அதிமதுர மிட்டாய் எல்லாவற்றையும் அவர் நாக்கில் வைத்துப் பார்த்து, “இது இல்ல” என்று காகிதத்தில் திருப்பிவைத்தார். நான்கு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு நிலக்கரிக் கப்பலின் துணைக்கேப்டன், அந்த முத்திரை ஜெர்மனியில் எக்கர்ன்ஃபோர்டே ஊரில் ஹார்ம்சன் என்கிற குடும்பத்துடையது, அது சின்ன வயதில் தான் தின்ற மிட்டாய் என்று சொன்னான். அந்தக் குடும்பத்துக்கு அவனையே ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி அனுப்பினாள். ஏழாவது வாரம் பதில் வந்தது. ஆனால் கப்பல் போய்விட்டிருந்தது. தீவில் ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். வாத்தியாரின் விதவை சுன்னிவா.

போர்கில்ட் இரண்டு முறை அந்த வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை கதவைத் தட்டினாள். சுன்னிவா கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்துச் சொன்னார். பேரிக்காய் மரங்களை விற்றாயிற்று, மிட்டாய் செய்வதை 1944இலேயே நிறுத்தியாயிற்று, வீட்டில் ஒரே ஒரு டப்பா இருக்கிறது, அதை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள் வீப்கே ஹார்ம்சன் என்ற கிழவி. அவள் மகன் போரின்போது ஸ்கார்வோயில்தான் சிப்பாயாக இருந்தான். ‘ஒரு படகுக்காரரிடம் மிட்டாய் கொடுத்தேன், ஒரு சேதியும் சொல்லி அனுப்பினேன்’ என்பதுதான் அவன் கடைசியாக எழுதியது. சேதி போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்து எழுதவும்.

சுன்னிவா காகிதத்தை மடித்தார். “என்ன சேதி, போர்கில்ட்?”

“எனக்குத் தெரியாது, வாத்தியாரம்மா. சத்தியமா.”

“உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமில்ல?”

ஜெர்மன் மிட்டாயை இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த முறை கப்பல் வந்தபோது துணைக்கேப்டன்தான் டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். போர்கில்ட் அதை மூன்று நாள் மாவுப் பீப்பாய்க்குள் மறைத்துவைத்தாள். உண்மை தெரிந்துவிட்டால் அந்த மனிதரோடு எப்படி ஒரே அறையில் இருப்பது என்று பயமாக இருந்தது. நான்காம் நாள் காலை ஒரு மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டாள். தோர்லைஃப் கண்ணை மூடினார்.

“இதுதான்,” என்றார். “அந்தப் பையன் கொட்டகைக்கு ஓடிவந்தான். சாயங்காலத்துக்குள்ள வாத்தியார் வீட்டச் சோதனை போடப்போறாங்க, ரேடியோவ எடுத்துடச் சொல்லுன்னான். அவசரத்துல கையில இதையும் திணிச்சான். மூணு வருஷமா நாக்குல இனிப்பே படல, போர்கில்ட். கரைஞ்சதும் போகலாம்னு மரக்கட்டை மேல உக்காந்துட்டேன். கடிச்சு முழுங்கக்கூட மனசு வரல. எழுந்திரிக்கறப்போ தெருவுல பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு.”

போர்கில்ட் அழவில்லை. “அப்ப இங்க உக்காந்து என்கிட்ட என்ன கதை சொல்லிக்கிட்டிருக்கீங்க? கரையறதுக்குள்ள போங்க!” என்று அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

நான்கு வருஷமாக மடங்கியிருந்த கால்கள் காய்ந்த கயிறுபோல முறுக்கிக்கொண்டன. ஆனாலும் நடந்தார். பட்டப்பகலில், வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டி, மோல்ஃபிரிட் கையில் மீன்கத்தியோடு பார்த்துக்கொண்டு நிற்க, செத்தவர் முன்னாலும் மனைவி பின்னாலுமாகப் போனார்கள். சுன்னிவா கதவைத் திறந்தபோது மிட்டாய் மெல்லிய சில்லாக அவர் நாக்கில் இன்னும் இருந்தது.

“சோதனைக்கு வர்றாங்க, வாத்தியாரம்மா. ரேடியோவ எடுத்துடச் சொல்லுங்க,” என்றார். பிறகு, அதைக் கரையவிட்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னார்.

“சேதி வந்து சேர்ந்துடுச்சுன்னு அந்தம்மாவுக்கு எழுதிடறேன்,” என்றார் சுன்னிவா. “பன்னெண்டு வருஷம் ஆச்சுங்கறதையும் எழுதுவேன்.”

“என்னை மன்னிச்சிடுவீங்களா?”

“யோசிக்கணும். இருங்க.” கதவைச் சாத்திக்கொண்டார்.

தோர்லைஃப் படியில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்கில்ட் போய் அவருக்குச் சட்டை மாற்றிவிட்டு வந்தாள். பனி விழுந்தால் சுன்னிவா படியைக் கூட்டும்போது தோர்லைஃபின் தோளையும் சேர்த்துக் கூட்டினார். என்ன முடிவு செய்தீர்கள் என்று ஊரில் யாரும் சுன்னிவாவைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1964இல் அந்த வீட்டுக்குப் புதுக்கதவு போட வந்த தச்சன், படியில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழையபடி வெளிப்பக்கமாக இல்லாமல், கதவை உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தான்.