முன்னோக்கி நட்ட வேட்பாளர்

வேட்பாளர் சுத்ரிஸ்மான் தன் இடது காதைத் தொட்டால் நேரலையை வெட்டிவிட வேண்டும். கேமராக்காரி வெனிங்குக்கு அவர் போட்டிருந்த ஒரே கட்டளை அதுதான்.

பிரசாரத்தின் கடைசி நாள். நள்ளிரவோடு எல்லாம் நின்றுவிடும். அப்புறம் மூன்று நாள் மௌனம், நாலாம் நாள் வாக்குப்பதிவு. இன்று மக்கள் மனதில் எந்தப் படம் ஒட்டுகிறதோ, அதுதான் ஓட்டுச்சீட்டு வரை கூடவே போகும். எட்டு மாதமாக வெனிங் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய படம்: 'உழவன் மகன், ஓட்டுச்சீட்டில் இரண்டாம் எண்'. மாவட்டத் தலைவர் நாற்காலிக்கு இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. நாற்று நடவு.

வரப்போரம் புகை கக்கிய டீசல் பம்பை நிறுத்தி, அவள் ஓரம் கட்டச் சொல்லியிருந்தாள். படத்தில் அசிங்கமாக விழும்.

"ஐயா, ஸ்டார்ட்!"

வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு சுத்ரிஸ்மான் சேற்றில் இறங்கினார். குனிந்தார். நட்டார். பார்ப்பவர்கள் பன்னிரண்டாயிரம் பேர்!

ஆனால் மனிதர் முன்னோக்கி நடந்தார். நட்ட நாற்றையெல்லாம் தன் காலாலேயே மிதித்துக்கொண்டு!

வரப்பில் நின்ற நடவுப் பெண்கள் 'கொல்' என்று சிரித்தார்கள்.

"அடியாத்தி! உழவன் மகனாம்ல!" என்று கத்தினாள் அவர்களில் ஒருத்தி, சாரின்தென். "பின்னால போய்த்தான்யா நடணும்!"

எதிரணி ஆள் ஒருவன் கைபேசியை உயர்த்தினான். ஐந்தே நிமிடம், அந்தக் கால்கள் மாவட்டம் முழுக்க ஓடும்.

சுத்ரிஸ்மானின் கை காதை நோக்கி எழுந்தது. வெட்டினால் பயந்து ஓடியதாக ஆகிவிடும். வெனிங் வெட்டவில்லை; சாரின்தென் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க இறங்கி அவரைத் திருப்பி விடுங்க. திட்டிக்கிட்டே!"

"திட்டத்தானே? கரும்பு தின்ன மாதிரி!" சாரின்தென் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "திரும்புய்யா. மூணு நாத்து, ஒரு அடி பின்னால. எங்க எருமைக்கே இந்நேரம் புரிஞ்சிருக்கும்!"

அவர் வழுக்கித் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

"நிஜத்தைச் சொல்லிடறேன்க்கா. எங்கப்பா உழுதாரு. நான் வரப்புல உக்காந்து பாத்ததோட சரி!"

முப்பதாயிரம். ஐம்பதாயிரம்! திரையில் இதயங்கள் பொங்கின. எதிரணிக்காரன் கைபேசியை இறக்கினான்.

அப்போது சாரின்தென் நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணி எப்படி வந்துச்சு தெரியுமா? மதகு உடைஞ்சு மூணு வருஷம். டீசல் ஊத்தி இறைக்கிறோம். அந்தப் பம்பை எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?"

சுத்ரிஸ்மான் காதைத் தொட்டார். அழுத்தித் தொட்டார்.

எழுபதாயிரம் பேர். வெனிங்கின் விரல் பொத்தான் மேல் நின்றது. இப்போது நிறுத்தினால், அந்தச் சிரிப்பும் நாடகம்தான் என்பார்கள். தவிர, அக்கா கேட்டதில் என்ன தப்பு?

கேமராவைத் திருப்பினாள். கரி படிந்த பம்ப் திரை நிறைய வந்து நின்றது.

"ஜெயிச்சதும் சரி பண்ணிடறேன்க்கா."

"எல்லாரும் சொல்றதுதான். எப்போ?"

அவர் எழுந்து சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார். "பதவியேத்த முப்பதாவது நாள் வாய்க்கால்ல தண்ணி வரும்."

"கேமராக்காரம்மா, படத்துல விழுந்துச்சா?"

"பளிச்சுனு விழுந்துச்சுக்கா!"

"அப்ப குனிங்கய்யா. மிதிச்சதையெல்லாம் யாரு நடுறது?"

சுத்ரிஸ்மான் நாற்று முடியை எடுத்தார். பின்னால் ஓர் அடி வைத்தார்.