அரை நொடி

துறைமுகத்துக்கு வெளியே இருந்த பயிற்சி நிலையத்தில் முருகேஸ்வரி சிமுலேட்டர் என்ஜினியர். மூன்று பக்கமும் திரை, நடுவில் நிஜப் படகின் வீல். நாலு பிராசசர் கார்டுகள் திரைக் கடலை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் கணக்கிடும். நாலும் முடித்தால்தான் படம் வரும்.

கிளாட்வின் ஐம்பத்துமூன்று வயதில் அங்கே தேர்வுக்கு வந்தார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வரும் டக் படகில் இருபத்தாறு வருஷமாக மாஸ்டர், படகை ஓட்டும் தலைவர். சிமுலேட்டரில் தேறினால்தான் இனிப் படகு என்று கம்பெனி சொல்லிவிட்டது. அன்றைக்குக் கடைசி ஆள் அவர். மத்தியானம் மூன்று மணி.

பத்து நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, வீலத் திருப்புனா படம் யோசிச்சிட்டுல்லா திரும்புது?"

"நிஜப் படகும் உடனே திரும்பாதுல்லா அண்ணாச்சி?"

"படகு எப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியாதா? இது வேற."

காலையிலிருந்து வந்த ஆறு பேரும் குறை சொல்லவில்லை. அவளுக்குப் பசி, களைப்பு. "நீங்க ஓட்டுங்க" என்றாள். இரண்டாவது சுற்றில் அவர் படகு அலைதடுப்புச் சுவரில் மோதியது. 'கை தாமதம்' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கம்பெனி அவரைக் கரைக்கு, கயிறு ஸ்டோருக்கு மாற்றியது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் படம் திக்கித் திக்கி வர, முருகேஸ்வரி கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். மூன்றாவது கார்டின் ஃபேன் உப்புத்தூசி ஏறி இறுகிக் கிடந்தது. சூடேறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மற்ற மூன்றும் அதற்காகக் காத்து நிற்கும். எப்போதிருந்து இப்படி என்று கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளைத் தேடினாள். கிளாட்வின் வந்த நாள் அகப்பட்டது. காலையில் எல்லாம் சரி. மூன்று மணிக்கு மேல் படம் அரை நொடி பிந்தி வந்திருந்தது.

அன்றைக்கே பார்த்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை.

"பழச எதுக்குக் கிளறுதீங்க?" என்றார் மேலாளர் சிவசுப்பிரமணியன். அவள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். மறுதேர்வுக்குச் சம்மதித்தார்கள். அதைச் சொல்ல அவளே ஸ்டோருக்குப் போனாள்.

கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனாள். அவர் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தபடி முழுசாகக் கேட்டார்.

"அதுக்கப்புறம் டம்ளர் கைதவறுனாக்கூட, கை போயிட்டுன்னுதான் தோணும்" என்றார். "பைக் ஓட்டுறத விட்டுட்டேன். எம் மவ ஸ்டெபிதான் கூட்டிட்டு வந்து விடுதா."

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நாந்தான் கேக்கல."

"நானும் என்னைய நம்பலயேம்மா."

மறுதேர்வு நாளில் முருகேஸ்வரி புது ஃபேன் மாட்டி, பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் துளியும் பிந்தவில்லை. திரையில் காற்று தள்ளியது. கிளாட்வின் வீலைத் திருப்பினார், பாதியில் நிறுத்தினார், திரையைப் பார்த்தார், மறுபடி திருப்பினார். படகு கப்பலின் விலாவில் உரசிக்கொண்டு போனது.

"பத்து நாள் பழகுங்க அண்ணாச்சி. நான் கூட இருக்கேன்."

"வேண்டாம்மா." கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஸ்டோர்லயே இருந்துக்கிடுதேன்."

முதல் தேர்வு செல்லாது என்று அவள் எழுதியதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில் அவரைக் காப்பாற்ற ஒரு கோளாறாவது கிடைக்காதா என்று பதிவுகளை வரிவரியாகப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அந்த அறிக்கையை இரண்டு நாள் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.