கால் ஏக்கர் கவலை

வால்வு மூடியிருந்த நாற்பத்தொரு நாளும் அந்தக் கால் ஏக்கர் தக்காளிக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மலிவான சொட்டுநீர்க் குழாய்களைச் சிறு விவசாயிகளின் நிலத்தில் சோதிக்க வந்த ஆராய்ச்சிக்காரி, மீட்டர் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தாள். திறந்துவிட்டதாக நினைத்து வால்வை மூடிப் போனவளும், யாரும் அதைத் தொடக் கூடாது என்று கண்டித்துச் சொன்னவளும் அவளே. மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்து கவனித்தாள். இந்த விளைச்சலும் போனால் நிலம் கைமாறிவிடும் என்ற நினைப்போடு தோட்டக்காரி பாத்திகளுக்கிடையே நடந்தாள். அவள் நினைக்க நினைக்கக் குழாய் சொட்டியது. உதடு வெடித்து, வீட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு வந்தாள். வாய்க்காலில் பாய்ச்சுவதில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர்கூடச் செலவாகவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடமிருந்து ஒருநாள் தோட்டக்காரிக்கு நல்ல சேதி வந்தது. மதியத்துக்குள் இலைகள் தொங்கிவிட்டன. கொழுந்தன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"அண்ணி, சிரிப்பெல்லாம் அறுவடைக்கு அப்புறம் வெச்சுக்கங்க! இப்ப கொஞ்சம் கவலைப்படுங்க, செடி தலை சாயுது!"

"உன் மூஞ்சிய இன்னும் ரெண்டு நிமிஷம் காட்டு, அது தானா வந்துடும்."

ஆராய்ச்சிக்காரி ஓடிப்போய் வால்வைத் திறந்தாள். கிணற்றுத் தண்ணீர் செடியடியில் தேங்கியதே தவிர, ஒரு வேர்கூட அதைக் குடிக்கவில்லை. மறுபடி மூடினாள். தோட்டக்காரியின் மெலிந்த கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. என் கையால் வந்த வினை, இவள் வற்றிப்போவாள் என்று ஆராய்ச்சிக்காரி கவலைப்பட்டாள். அவள் நின்ற ஐந்தாவது வரிசை சொட்டத் தொடங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அடுப்பை அணைத்தோமா, அடுத்த அறையில் அம்மா மூச்சு விடுகிறாளா, நேற்றுச் சொன்ன வார்த்தை தப்போ என்று சிறுவயதிலிருந்து அவள் பட்ட கவலையெல்லாம் அதுவரை ஓர் இலையைக்கூட நனைத்ததில்லை.

"நீங்க போய்ப் படுங்கக்கா. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்."

"ஒழுங்கா கவலைப்படுவியா?"

"அது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும்."

அதன்பின் வாரத்தில் மூன்று நாள் ஆராய்ச்சிக்காரியின் முறை. தோட்டக்காரியின் கன்னத்தில் மறுபடி சதை பிடித்தது. அறுபது பெட்டி தக்காளி இறங்கியது. நிலம் அவளிடமே நின்றது. நீர் ஆதாரம் எது என்று கேட்டு அலுவலகம் அறிக்கையை இருமுறை திருப்பியனுப்பி, மூன்றாம் முறை கையெழுத்திட்டது. அடுத்த பருவத்தில் மேலும் பதினான்கு வீடுகள் குழாய் போட்டுக்கொண்டன. கிணறு வற்றினாலும் கவலைப்பட ஆள் கிடைப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.