கடலோடு நில்லாத பகை

கீழைக்கடல் கருமை கலைந்து ஈயநிறம் பூணவும், விடியுமுன்னே எழுந்த வாடைக்காற்று புதுவை நகரின் நேரான தெருக்களில் புகுந்து மஞ்சட்சுவர் மாளிகைகளின் சாளரங்களை அலைக்கழிக்கவும், பெரிய அங்காடி மீன்மணமும் பூமணமும் விரவிய ஆரவாரத்தோடு கண்விழித்தது. ஆனால் அன்று மீன்விற்கும் மகளிரிடையே வழக்கமான நகையொலி இல்லை.

மீன்குஞ்சையும் விடாது வாரிக்கொள்ளும் சுருக்குமடி வலையை வீசலாமா கூடாதா என்று வடகுப்பத்தாரும் தென்குப்பத்தாரும் முந்தியநாள் கடலிலே படகோடு படகு மோதிப் போரிட்டிருந்தனர். வடகுப்பத்துத் தையல்நாயகியின் கணவன் வடிவேல் தோளெலும்பு முறிந்து மருத்துவமனையிற் கிடந்தான். துடுப்பால் அவனை அடித்தவன் முகம், யாரோ கைப்பேசியிற் பதிந்த காட்சியில் ஐயமறத் தெரிந்தது. அவன், அங்காடியில் நெடுநாளாய் அவளருகே அமர்ந்து விற்கும் தென்குப்பத்து மணியம்மாளின் மகன். பகைவரோடு பேசலாகாதென இரு குப்பத்தாரும் கட்டளையிட்டிருந்தமையால் இருவரும் முகம் பாராதிருந்தனர். இரவெல்லாம் அம்மகனைப் பெற்ற வயிற்றை வைதிருந்த தையல்நாயகிக்கு, அவ்வயிற்றுக்குரியவள் தலைகுனிந்து மீன்மேல் நீர் தெளிப்பதைக் காணுந்தோறும், சினமோ இரக்கமோ இன்னதென்று அறியவொண்ணாத ஒன்று நெஞ்சைக் குடைந்தது.

வெயில் ஏறுகையில் வடிவேலின் தம்பி கோபிநாத் இருவரைக் கூட்டிவந்து, மணியம்மாளின் கூடையைக் கவிழ்க்கக் காலை ஓங்கினான். தையல்நாயகி குறுக்கே நின்றாள். எழுந்ததையே நின்றபின்னர்தான் உணர்ந்தாள்.

“அண்ணன் தோள ஒடச்சது இவ புள்ளதான், அண்ணி.”

“தெரியும். அவனப் போய்க் கேளு. கடல்ல அடிச்சிக்கினது கடலோட நிக்கட்டும். மார்க்கெட்டுல நீ இவ கூடையில கை வச்சா, நாளைக்கு அவனுங்க என் கூடையில வைப்பானுங்க. அப்புறம் ஊட்டுக்குள்ள வருவானுங்க. எங்க போய் நிறுத்துவ?”

ஓங்கிய கால் தாழ்ந்தது. ஆயினும் அவன் கண்ணிற் கனன்ற வெறுப்பு இப்போது அவள்மேல் திரும்பிற்று.

அன்று மாலையே வடகுப்பத்தார் கூடி, அவளோடு எவரும் பேசலாகாது என்றனர். மருத்துவமனையில் வடிவேல், “என் தோளு உனக்குப் பெருசாத் தெரியல” என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்புறம் திரும்பிக்கொண்டான். செய்தது சரியென்று அவளாலும் சொல்ல இயலவில்லை; அந்தத் தோளைத் தடவ நீண்ட கை பாதியிலே நின்றது.

மறுநாள் மணியம்மாள் தன் பலகையை எட்டத் தள்ளிப் போட்டிருந்தாள். நன்றி சொல்லவுமில்லை, நிமிர்ந்து நோக்கவுமில்லை.

அன்பரீர், போர் தன் எல்லையைத் தானே அறிவதில்லை. யாரேனும் ஒருவர் அதன்முன் நின்று காட்டவேண்டியிருக்கிறது. வெல்வோரும் தோற்போரும் தத்தம் பக்கத்தே துணை காண்பர். இவ்வளவோடு நில் என்பவர்க்கோ இருபக்கத்தும் இடமில்லை. அத்தகைய ஒருத்தி, அன்று ஈயோட்டியபடி, வாங்குவோர் வருகையை நோக்கி, அமைதியின்றி அமர்ந்திருந்தாள்.